கால் சுற்று பின்னால்

இரும்பைப் பற்றி முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வாங்குகிற சம்பளத்துக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான்.

இரும்புத் தகட்டைக் காந்தமாக்கினால் அது உடனே சொன்னபேச்சு கேட்காது. காந்தத்தை விலக்கினாலும் உடனே விடாது. இழுத்தடிக்கும். அப்படி இழுத்தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சூடாகும். இதற்குக் காந்தத் தயக்கம் என்று பெயர். ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாகக் காந்தமாக்கினால் ஒரு மாதிரி சூடாகும். மோட்டாருக்குள் நடப்பதுபோலக் காந்தம் சுற்றிச் சுற்றி வந்தால் வேறு மாதிரி சூடாகும். இந்த இரண்டாவது சூட்டை அளப்பதற்கென்றே எங்கள் ஊரில் ஓர் உயர்கழகம் இருக்கிறது. பளிங்குப் படிக்கட்டு, கண்ணாடிக் கதவு, வாசலில் குதிரை லாட வடிவத்தில் பெரிய சிவப்புச் சிலை எல்லாம் உண்டு.

நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது என் பிழைப்பு. எனக்கும் காந்தத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் என் மனைவி மோட்டார் கம்பெனியில் காயில் கட்டுகிறவள். செம்புக் கம்பியை அடுக்கடுக்காகத் தகட்டின் பள்ளங்களில் இறக்கிக் கட்டுவாள். அவள் கட்டிய மோட்டார் ஒன்று சோதனை மேசையில் ஓடும்போதே கொதித்துப் புகைந்து பற்றிக்கொண்டது. அணைக்கப்போன சோதனைக்காரருக்கு உள்ளங்கை வெந்துவிட்டது. கம்பெனி அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காயில் கட்டியதில்தான் கோளாறு என்று விசாரணை வைத்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலையும் போகும், கை வெந்ததற்காக போலீஸ் கேசும் வரும்.

"ஏங்க, நான் கட்டுனதுல தப்பு இருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றாள். "தகடு புதுசு. புகை வந்தப்ப தகடு வாங்குற மேனேஜரே, 'ஐயையோ, இது நேரா அளந்தா நல்லா இருக்கும், சுத்தவிட்டா கொதிக்குமே, அதானே மலிவா வந்துச்சு'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. இப்பக் கேட்டா நான் அப்படிச் சொல்லவே இல்லையேங்கறாரு. தகடுதான் காரணம்னு அந்தக் கழகம் சர்ட்டிபிகேட் குடுத்தா விட்டுடறேன்னு விசாரணை அதிகாரி சொல்றாரு."

சதுரமாக வெட்டிய ஒரு தகட்டை மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"சுத்தவிட்டு அளக்கச் சொல்லுங்க. நேரா அளந்து குடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க. உங்களுக்கு எதைக் குடுத்தாலும் தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கிற பழக்கம் இருக்கு."

உண்மைதான். நான் அப்படிப்பட்டவன்தான்.

கழகத்தின் வரவேற்பறையில் இருந்த அம்மாள் தகட்டை வாங்கவில்லை. என்னை ஒரு வளைவுக்குள் நிற்கச் சொல்லி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே பின்னால் நகரச் சொன்னார். "காந்தநீக்கம் சார். எதையும் அளக்கறதுக்கு முன்னாடி அதோட பழைய கதையெல்லாம் அழிச்சிடணும். இங்க அது விதி."

"அது தகட்டுக்குத்தானேம்மா?"

"தகட்டை யார் கொண்டு வந்தாங்க?"

நான் சுற்றினேன். தலை கிறுகிறுத்தது. அதன்பிறகு என் கதையைக் கேட்டுக்கொண்டார். மனைவி, மோட்டார், வெந்த கை, வெள்ளிக்கிழமை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் போனேன். "யாரு சார் நீங்க?" என்றார் அதே அம்மாள்.

"நேத்து வந்தேனேம்மா. மஞ்சத் துணி, தகடு..."

"நேத்துங்கறது பழைய கதை சார். அதை நான் மனசுல வச்சிக்கிட்டிருந்தா அளவீடு கெட்டுப் போயிடும்." வளைவைக் காட்டினார். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டது கண்ணிலேயே தெரிந்தது. இருந்தாலும் விதி விதிதானே. மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் முதலிலிருந்து கதையைச் சொன்னேன். இப்படி எத்தனை நாள் போனது என்று சொல்லி உங்கள் பொறுமையையும் சோதிக்க விரும்பவில்லை. வருகிறவனை ஒவ்வொரு நாளும் புது ஆளாகப் பார்க்கத் தனியாக ஒரு துறை வைத்திருக்கிற புண்ணியவான்கள் அவர்கள்.

வெள்ளிக்கிழமை நெருங்கியது. வீட்டில் அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். "என்னங்க ஆச்சு?" என்று கேட்பாள். "நாளைக்கு" என்பேன்.

ஒருவழியாக என்னை உள்ளே அனுப்பினார்கள். உள்ளே இரண்டு பிரிவுகள் இருந்தன. தகட்டின் நீளவாக்குக் காந்தத்துக்கு எக்ஸ் பிரிவு. குறுக்குவாக்குக்கு ஒய் பிரிவு. மேலும் கீழுமான இசட் திசைக்கும் ஒரு பணியிடம் உண்டாம். அந்த அதிகாரி ஓய்வு பெற்றபிறகு நிரப்பவில்லை. அதனால் உலகத்தில் உயரம் என்று ஒன்று இல்லை என்பதாக வைத்துக்கொண்டு கழகம் வேலை செய்து வருகிறது.

எக்ஸ் தலைவர் தகட்டைக் கையில் வாங்கி, "நீளவாக்குல அளந்து தர்றேன், பிரமாதமா இருக்கும்" என்றார்.

"சார், சுத்தவிட்டு அளக்கணும்."

அவர் முகம் மாறியது. "அப்ப அவர்கிட்டயும் போகணும்" என்று மாடியைக் காட்டினார். அந்த 'அவர்' என்ற சொல்லை வாயிலிருந்து துப்புவதுபோலச் சொன்னார்.

மாடியில் ஒய் தலைவர் தலையில் இருந்த நாலு முடியைச் சீவிக்கொண்டிருந்தார். சுழற்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் சீப்பை மேசைமேல் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, காந்தம் சுத்தணும்னா என்ன செய்யணும் தெரியுமா? தகட்டுக்கு நீளவாக்குல ஒரு காயில், குறுக்குவாக்குல ஒரு காயில். ரெண்டுலயும் கரண்ட் ஏறி இறங்கணும். ஆனா ஒண்ணு ஏறி கால் சுற்று கழிச்சுத்தான் இன்னொண்ணு ஏறணும். அப்பத்தான் உள்ள காந்தம் வட்டமாச் சுத்தும்."

"சரிங்க சார்."

"என்ன சரி? புஸ்தகத்துல எக்ஸ் முன்னால, ஒய் கால் சுற்று பின்னாலன்னு போட்டிருக்கான். நான் ஏன்யா அந்தாளுக்குப் பின்னால போகணும்? சர்வீஸ்ல அவனைவிட நான் மூத்தவன். நான் இங்க சேர்ந்தப்ப அவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை."

"அவரு பின்னால வரலாமே சார்?"

"அதுக்கு அவன் ஒத்துக்கணுமே! பெரிய விவகாரமாச்சு. கமிட்டி போட்டாங்க. டைரக்டரே தலைமை. கடைசியில சம மரியாதைன்னு தீர்ப்பாச்சு. அன்னையிலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுவோம், ஒண்ணா இறங்குவோம்."

எனக்குக் காந்தம் தெரியாது. ஆனால் இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கும்போது ஒரே பக்கம் ஒரே நேரத்தில் தள்ளினால் கட்டில் திரும்பாது என்பது தெரியும்.

"அப்ப காந்தம் சுத்துமா சார்?"

"சுத்தாது" என்றார் சாந்தமாக. "மூலைவாக்குல முன்னும் பின்னும் போயிட்டு வரும். ஆனா மரியாதை கெடாது பாருங்க."

"அப்ப இத்தனை வருஷமா நீங்க குடுத்த சுழற்சி அளவீடெல்லாம்?"

"சம மரியாதை அளவீடு. உலகத்துல வேற எங்கயும் கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டைரக்டரிடம் போனேன். பெரிய அறை. சுவரில் அவருடைய கணித மாடல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எந்தத் தகட்டையும் எந்தத் திசையில் காந்தமாக்கினாலும் எவ்வளவு சூடாகும் என்று அது சொல்லிவிடுமாம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு சின்ன மாடல், எல்லாவற்றையும் கூட்டினால் பெரிய மாடல். கழகத்தில் என்ன அளந்தாலும் முதலில் இதோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் அளவீடு சரி. ஒத்துப்போகாவிட்டால் தகட்டின்மேல் ஒழுங்கு நடவடிக்கை. இதுவரை ஒத்துப்போகாத தகடு ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று அவரே சொன்னார்.

"சார், என் வீட்டுக்காரி வேலை போயிடும். உண்மையாவே ஒருதடவை சுத்தவிட்டு..."

"சுத்தவிட்டா என்ன வரும்னு என் மாடல் ஏற்கெனவே சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு அளக்கணும்? சந்தேகப்படறீங்களா?" என்றவர் ஏதோ நினைவு வந்ததுபோல, "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"போட்டோ ஸ்டூடியோ சார்."

மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஆண்டு மலருக்கு அளவீடு நடக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். நாளைக்குக் காலைல கேமராவோட வந்துடுங்க. உங்க தகட்டையே வச்சு அளந்துடலாம்."

இத்தனை நாள் என் மனைவியின் கண்ணீருக்கு நகராத கழகம் ஒரு போட்டோவுக்கு நகர்ந்தது. வெட்கங்கெட்ட பிழைப்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய் மட்டும் வழக்கம்போல "தேங்க்ஸ் சார்" என்றது.

மறுநாள் வியாழக்கிழமை. அளவீட்டுக் கூடத்தில் சதுரத் தகட்டைச் சுற்றி இரண்டு காயில்கள். இரண்டு பக்கமும் இரண்டு மேசை. இரண்டிலும் கரண்ட் ஏறுகிற நேரத்தை முன்னே பின்னே தள்ளுகிற திருகுப் பிடி. எக்ஸ் தலைவர் கோட்டுப் போட்டிருந்தார். ஒய் தலைவர் முடிக்கு எண்ணெய் வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். டைரக்டர் இன்னும் வரவில்லை.

கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் குரூப் போட்டோ எடுத்து எடுத்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. முன்வரிசைக்கு அடித்துக்கொள்பவர்களைச் சமாளிப்பது. நேராக ஒய் தலைவரிடம் போய் காதோடு சொன்னேன். "சார், நீங்க கால் சுற்று முன்னால போயிடுங்க. போட்டோல நீங்கதான் முதல்ல தெரியணும். மூத்தவரு பின்னால நின்னா நல்லா இருக்குமா?"

பிறகு எக்ஸ் தலைவரிடம் போனேன். "சார், அவரு அவசரப்பட்டு முன்னால போறாரு. விட்டுடுங்க. மேடைக்கு முதல்ல வர்றவன் மைக் செட்காரன். தலைவர் கடைசியிலதானே வருவாரு?"

"அது சரி" என்றார் எக்ஸ் தலைவர், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. "போகட்டும். கால் சுற்று கழிச்சே வர்றேன்."

இருவரும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்ற பூரிப்போடு பிடியைத் திருகினார்கள். கழகம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் காந்தம் சுற்றியது.

கொஞ்ச நேரத்தில் தகட்டின்மேல் இருந்த பூச்சு கருகிய வாசனை வந்தது. மேசையில் சூட்டைக் காட்டுகிற மானியின் முள் மளமளவென்று ஏறியது. எக்ஸ் தலைவர் தகட்டைத் தொட்டுவிட்டு "ஆ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. முள்ளும் தகடும் தலைவர்களும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி கேமராவை வைத்தேன்.

அப்போதுதான் டைரக்டர் உள்ளே வந்தார். கேமராவைப் பார்த்ததும் நேராக நடுவில் வந்து நின்று தாடையைத் தூக்கிக்கொண்டார். முள் அவருடைய தோளுக்குப் பின்னால் போய்விட்டது. எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. போட்டோ எடுத்தபிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"இது என்ன? இது நம்ம மாடல்ல இல்லையே."

"சார், தகடு சுடுது" என்றார் எக்ஸ் தலைவர் வாயில் விரலோடு.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"கையை வச்சு சார்."

"கை அங்கீகரிக்கப்பட்ட கருவியா?"

எக்ஸ் தலைவர் விரலை வாயிலிருந்து எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

டைரக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்து, ஆண்டு விழாவில் பேசுகிற குரலில் சொன்னார்: "அளவீடுங்கறது மனுஷன் செய்யறது. தப்பு வரத்தான் செய்யும். மாடல் அப்படி இல்லை. அது நான் செஞ்சது. நாப்பது பேர் இந்த மாடலை வச்சு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கான். அதுல ஒருத்தனுக்காவது தகடு சுட்டிருக்கா? ஏன் சுடலை? ஒருத்தனும் தகட்டைத் தொடலை. ஆராய்ச்சிங்கறது அப்படிக் கட்டுப்பாடா இருக்கணும்."

இரண்டு தலைவர்களும் கைதட்டினார்கள். ஒன்றாகத்தான் தட்டினார்கள், சம மரியாதைதான். டைரக்டர் தகட்டுக்குக் காந்தநீக்கம் செய்யச் சொன்னார். முள் இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. பிறகு கமிட்டி கூடியது. மாலையில் தங்க முத்திரை போட்ட சர்ட்டிபிகேட்டை என் கையில் கொடுத்தார்கள். நான் வாசிக்காமலே தேங்க்ஸ் சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் அதிகாரி அதைச் சத்தமாக வாசித்தார். "தகடு எல்லாத் திசைகளிலும் விதிகளுக்கு உட்பட்டே உள்ளது. காந்தம் சுழலும்போது மட்டும் மிகுந்த சூடு காணப்படுகிறது. ஆகவே, இத்தகட்டை மோட்டாரில் பயன்படுத்துவோர் சுழற்சியைத் தவிர்க்கவும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. தகடு வாங்குகிற மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

நான் எழுந்து, "சார், சூடு இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்களே!" என்றேன்.

"சுழன்றால் இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்றார் அதிகாரி. பிறகு என் மனைவியைப் பார்த்தார். "இப்பச் சொல்லும்மா. அந்த மோட்டார் சுழன்றதா?"

"சுழன்றது" என்றாள்.

"அதைச் சுழலும்படி கட்டியது யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"நான்தாங்க. நான் கட்டுற மோட்டார் எல்லாமே சுத்தும். வேணும்னேதான் அப்படிக் கட்டுறேன். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். 'தாம் கட்டும் மோட்டார்கள் சுழலும்படி திட்டமிட்டே கட்டுவதாகப் பணியாளர் ஒப்புக்கொண்டார்' என்று. அன்று மாலையே வேலை போய்விட்டது. சோதனைக்காரர் வெந்த கையைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து, "அக்கா, போலீஸ்ல நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று அழுதார். அந்தக் கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான் மனுஷ மனசு இருந்தது. கையில் சூடு பட்டதும் அவருக்குத்தான்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஸ்டூடியோவின் பின்னறையில் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்ட ஆரம்பித்தாள். இன்று எங்கள் தெருவில் மேலே தண்ணீர் ஏறுகிற வீடுகளில் பாதி அவள் கைவேலை. ஆனாலும் போன வேலை போனதுதான். கம்பெனி வாசலைக் கடக்கும்போது அவள் தலையைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கழகமோ 'சுழற்சி தவிர்ப்பு' என்ற வழிகாட்டுதலுக்காக விருது வாங்கியது. விழாவுக்குப் போட்டோ எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கூடத்தில் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. சுற்றறிக்கை போட்டு எல்லா மோட்டாரையும் நிறுத்தியிருந்தார்களாம். "கழகத்தின் மோட்டார்களில் சூடு முற்றிலும் ஒழிந்தது" என்று டைரக்டர் பேசினார். அவருடைய சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப் பிடித்திருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டே கைதட்டினார்கள். நான் "கொஞ்சம் சிரிங்க சார்" என்றேன், சிரித்தார்கள்.

அதற்கடுத்த வாரம் ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. டைரக்டரேதான். குரல் பஞ்சாக இருந்தது. "வீட்ல தண்ணி மோட்டார் எரிஞ்சு போச்சு. மூணாவது மாடி. உங்க வீட்டம்மா கட்டுவாங்கன்னு கேள்விப்பட்டேன். கொஞ்சம் ரகசியமா..."

நான் போனை அவள் காதில் வைத்தேன். அவள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள்.

"கட்டித் தர்றேன் சார். ஒரே ஒரு சந்தேகம். சுத்துற மாதிரி கட்டணுமா, சுத்தாத மாதிரியா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "சுத்துற மாதிரிதாம்மா" என்றார்.

"அப்ப அதை ஒரு காகிதத்துல எழுதி, முத்திரை வச்சு அனுப்புங்க. மோட்டார்னா சுத்தணும்னு. அன்னைக்கே வேலையை ஆரம்பிச்சிடறேன்."

போன் வைக்கப்பட்டது. காகிதம் வரவில்லை, வராது என்று அவளுக்கும் தெரியும். டைரக்டருக்குத் தண்ணீரைவிட மாடல் பெரிது.

நேற்று அந்தப் பக்கமாகப் போனேன். டைரக்டர் வீட்டு மாடிப்படியில் எக்ஸ் தலைவரும் ஒய் தலைவரும் ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார்கள். படி குறுகல். ஒருவர் முன்னால் போனால் மற்றவர் பின்னால்தான் போக வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக நுழைந்து, தோளும் தோளும் இடித்துக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் இருந்தது பாதி படியிலேயே வழிந்துகொண்டிருந்தது. மேலே சன்னலில் டைரக்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எக்ஸ் தலைவர், "தம்பி, நீங்க அன்னைக்கு ஏதோ ஒரு வழி சொன்னீங்களே?" என்றார்.

"யாரு சார் நீங்க?" என்று கேட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.